வடதுருவக் கடலடி: எதிரொலி உரைத்ததும் உரையாததும்

மண்பானை வாங்கச் செல்வோர் அதனைக் கையிலேந்தி, விரலாற் சுண்டிப் பார்த்த பின்னரே விலை பேசுவர். கண்ணுக்குப் புலனாகாத கீறலையும் ஓசை காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர்கள் அனுபவத்திற் கண்ட உண்மை. இவ்வெளிய உண்மையையே துணையாகக் கொண்டு, பனிக்கட்டியாலும் ஆழ்ந்த நீராலும் மூடப்பெற்ற வடதுருவக் கடலடியின் பழைய வரலாற்றை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சியின் முறையையும், அதனாற் பெற்ற பயனையும், அதற்குள்ள எல்லையையும் ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

வடதுருவத்தில் இருப்பது நிலமன்று, கடலே. அது ஆழமற்ற கடலென்றே பலர் முன்னர் எண்ணியிருந்தனர். 1893 முதல் 1896 வரை நார்வே நாட்டு நான்சென் என்பார் ‘பிராம்’ என்னும் கப்பலைப் பனியில் உறையவிட்டு அப்பனியோடு மிதந்து சென்றார். அவர் கொண்டுபோன ஆழமளக்கும் கயிறு அடியைத் தொடவில்லை. கப்பலின் உருக்கு வடமொன்றைப் புரிபிரித்து நீண்ட கயிறாக்கி இறக்கிய பின்னரே, அங்கே 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுண்டு என்பது தெளிவாயிற்று. 1948இல் சோவியத் ஆராய்ச்சியாளர், அவ்வாழத்தின் நடுவே பெரியதொரு மலைத்தொடர் மறைந்து கிடப்பதைக் கண்டனர். சைபீரியாவுக்கு வடக்கேயுள்ள தீவுகளின் அருகே தொடங்கி, துருவத்தையடுத்துச் சென்று, கிரீன்லாந்து, கனடா நாடுகளின் வடகரை நோக்கி ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் அது நீண்டு கிடக்கின்றது. ருஷிய அறிஞர் ஒருவரின் பெயரால் அதற்கு லொமனோசோவ் மலைத்தொடர் என்று பெயரிட்டனர்.

கயிறு கடலின் ஆழத்தைக் கூறுமேயன்றி, அடியின் உள்ளமைப்பைக் கூறாது. அதற்கு ஒலியே தூது செல்லவேண்டும். கப்பலின் பின்னே நீருள் இழுத்துச் செல்லப்படும் கருவியொன்று, அழுத்தி அடைத்த காற்றைத் திடீரென வெளிவிடும். அவ்வதிர்ச்சி நீரினூடே இறங்கிக் கடலடியிற் படும். ஒரு பகுதி அங்கிருந்து மீளும். எஞ்சிய பகுதி உள்ளே நுழைந்து, மண்ணின் செறிவும் ஒலி செல்லும் விரைவும் மாறும் இடந்தோறும் சிறிது சிறிதாகத் திரும்பிவரும். கப்பலின் பின் நீண்ட வடத்திற் கோத்துள்ள ஒலிவாங்கிகள் இவற்றையெல்லாம் பதிவுசெய்யும். தண்ணீர் 1,250 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் முதல் எதிரொலி வருவதற்கு ஏறக்குறைய 1.7 விநாடி செல்லும். அதன் கீழே 450 மீட்டர் கனத்திற்குப் படிவு இருப்பின், அதன் அடிப்பரப்பினின்று வரும் எதிரொலி மேலும் அரை விநாடி தாழ்த்து வரும். கப்பல் நகர நகர இவ்வாறு பெற்ற பதிவுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கிவைப்பின், கடலடியைக் கத்தியால் நெடுக அரிந்து பார்த்தாற்போன்ற சித்திரம் ஒன்று கிடைக்கும்.

பிற கடல்களில் எளிதாகிய இச்செயல் வடதுருவத்தில் மிகவும் அரிது. பல கிலோமீட்டர் நீளமுள்ள வடத்தை இழுத்துச் சென்றால் மிதக்கும் பனிப்பாளங்கள் அதனை அறுத்துவிடும். பனி உடையும் ஓசையோ, மெல்லிய எதிரொலியை அமிழ்த்திவிடும். ஆதலின் முதலில் ஆராய்ச்சியாளர் பனியின் மீதே குடியிருந்து, பனி போன வழியே சென்று அளந்தனர். வேண்டிய திசையைத் தாமே தெரிந்துகொள்ள அவர்களால் இயலவில்லை. 1991இல் ஜெர்மனியின் ‘போலார்ஸ்டெர்ன்’, சுவீடனின் ‘ஓடன்’ ஆகிய பனிபிளக்கும் கப்பல்கள் இரண்டும் துருவத்தை அடைந்தன. அப்பயணத்திற்றான், குறுகிய வடத்தைக் கொண்டு லொமனோசோவ் மலைத்தொடரின் குறுக்கே நல்ல பதிவுகள் எடுக்கப்பட்டன.

அச்சித்திரம் வியக்கத்தக்கதாயிருந்தது. அடியில், சாய்ந்து முறிந்து தலைதேய்ந்த பழைய பாறையடுக்குகள். அவற்றின்மேல், கம்பளம் விரித்தாற்போல ஏறக்குறைய 450 மீட்டர் கனத்திற்குச் சமமாகப் படிந்த இளைய அடுக்குகள். இதனால், இம்மலைத்தொடர் கடலடியில் எழுந்த எரிமலைத்தொடர் அன்று. ஐரோப்பாவுக்கும் சைபீரியாவுக்கும் வடக்கேயுள்ள கண்டத்தின் விளிம்பினின்று பிளந்து, ஏறக்குறைய 5½ கோடி ஆண்டுகளுக்கு முன்னர் விலகத் தொடங்கிய துண்டு என்ற கருத்து வலுப்பெற்றது. விலகிய நாள்முதல் மெல்ல மெல்ல அமிழ்ந்த அத்துண்டின்மேற் படிந்த சேறே அக்கம்பளம்.

எனினும், எதிரொலி அடுக்குகளின் வடிவத்தையும் முறைமையையும் கூறுமேயன்றி, அவற்றின் வயதைக் கூறாது. ஒரு பரப்பில் ஒலி மீண்டதென்றால், அங்கே மண்ணின் தன்மை மாறுகிறதென்பது மட்டுமே துணிபு. அம்மாற்றத்திற்கு ஓராண்டு சென்றதோ, ஒரு கோடி ஆண்டு சென்றதோ, ஒலி அறியாது. அதனை அறிய மண்ணையே எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

2004ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அம்முயற்சி நடைபெற்றது. துருவத்திலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தூரத்தில், எதிரொலிச் சித்திரம் காட்டிய இடத்தில், ‘விதார் வைக்கிங்’ என்னும் கப்பல் துளையிட நின்றது. ருஷியாவின் அணுசக்திக் கப்பலாகிய ‘சோவியத்ஸ்கி சோயூஸ்’ முன்னே நின்று பெரும்பாளங்களைப் பிளக்க, ‘ஓடன்’ அவற்றை மேலும் நொறுக்கிற்று. இவ்விரண்டின் காவலிலே துளையிடும் கப்பல் தன் நிலை பெயராது நின்று, கடலடியின் கீழ் 428 மீட்டர் வரை துளைத்தது. சித்திரம் காட்டியவாறே இளைய படிவுகள் முடிந்து, கீழே பழைய பாறை தட்டுப்பட்டது. எதிரொலியின் வாக்கு மெய்யாயிற்று.

மேலே வந்த மண் கூறிய செய்திகளோ பெரியன. ஏறக்குறைய 5½ கோடி ஆண்டுகளுக்கு முன், காற்றிலும் கடலிலும் கரியமிலவாயு பெருமளவிற் கலந்த காலத்தில், துருவக் கடலின் மேற்பரப்பு சென்டிகிரேட் 18 பாகையினின்று 23 பாகைக்கும் மேலாக வெம்மையுற்றதென அம்மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் எச்சங்களால் கணக்கிட்டனர். 4 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அக்கடலின் மேல்நீர் நன்னீராகுமளவு உப்புக் குறைந்து, அதில் அசோலா என்னும் நீர்ப்பூண்டு பாய்போற் பரந்திருந்தது. நம் நெல்வயல்களில் உரமாகவும் மாட்டுத்தீனியாகவும் வளர்க்கப்படும் பூண்டின் முன்னினம் அது! பின்னர், ஏறக்குறைய 4½ கோடி ஆண்டுகளுக்கு முன்னரே, மிதக்கும் பனி சுமந்துவந்து உதிர்த்த கற்கள் தோன்றலாயின.

இனி, எதிரொலி உரையாத செய்தி ஒன்று உளது. மேலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் ஆழத்தில், 1 கோடியே 82 லட்சம் ஆண்டு வயதுடைய மண்ணின் நேர்கீழே, 4 கோடியே 44 லட்சம் ஆண்டு வயதுடைய மண் இருப்பதாகக் கண்டனர். இடையில் 2 கோடியே 60 லட்சம் ஆண்டுகளின் ஏடுகள் காணப்படவில்லை. அடுக்குகள் ஒழுங்காகப் படிந்திருக்கக் கண்டவர்கள் இத்துணைப் பெரிய இடைவெளியை எதிர்பார்த்திலர். காணாமற்போன பகுதியோ சாமானியமானதன்று. தென்துருவத்திற் பெரும்பனி மூடத் தொடங்கிய காலம் ஏறக்குறைய 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர். உலகம் வெம்மையினின்று தண்மைக்குத் திரும்பிய அந்நாளில் வடதுருவம் எவ்வாறிருந்தது என்பதே நாம் அறிய விரும்புவது; கிழிந்துபோனதும் அவ்வேடே. 2011இல், ஓசுமியம் என்னும் உலோகத்தைக் கொண்டு வேறு முறையிற் காலங்கணித்தோர், இடைவெளி அத்துணைப் பெரிதன்று என்று மறுத்தனர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இதனைத் தீர்க்கும்பொருட்டு, 2014இல் ‘போலார்ஸ்டெர்ன்’ அம்மலைத்தொடரின் தென்பகுதியில் மீண்டும் எதிரொலி எடுத்தது. 2022இல் அங்கே துளையிட வகுத்திருந்த பயணம் நிகழாமலே நின்றுவிட்டது. ஆகவே அடுக்குகளின் சித்திரம் கையிலிருந்தும், அவற்றின் வயது கைக்கெட்டவில்லை.

நாம் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து, அக்கரியமிலவாயுவையே வானிற் பெருக்கிவருகின்றோம்; வடதுருவப் பனியும் ஆண்டுதோறும் கோடையிற் பெரிதும் குறைந்து வருகின்றது. ஆதலின், அப்பனி எவ்வாறு தோன்றிற்று என்னும் வினா பழங்கதை கேட்போரின் வினா அன்று. தட்டிப் பார்த்தோன் கீறல் இல்லையென்று பானையை வாங்கலாம். அது வனையப்பட்ட நாளை அவ்வோசையால் அறிதல் ஒண்ணாது. கேட்டறிந்தது இவ்வளவு, தோண்டியறிய வேண்டுவது இவ்வளவு என்று வரையறுத்துரைக்கும் நேர்மையே இவ்வாராய்ச்சியாளரிடத்து நாம் கற்கத்தக்கது என்போம்.