அவருக்கு ஒரு கூட்டம், எனக்கு ஒரு கூட்டம்

"இனிமே அந்தக் கூட்டத்துக்கெல்லாம் என்னைப் போகச் சொல்லாதே. எனக்கு ஒத்து வராது!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடி என் கணவர் இப்படிச் சொன்னபோது எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. குடியை நிறுத்த ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பி அன்று பத்தாம் நாள். "மருந்து பாதிதான் அம்மா. மனசு தடுமாறாம இருக்கணும்னா 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டத்துக்கு விடாம அனுப்பி வையுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் கூட்டமே இப்படியா!

இந்த 'ஏ.ஏ.' அமைப்பு 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. தொடங்கியவர்கள் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை சிகிச்சை டாக்டரும். இருவருமே குடிக்கு அடிமையானவர்கள். ஒருவர் கஷ்டத்தை மற்றவரிடம் மனம் விட்டுப் பேசியபோது குடிக்காமல் இருக்க முடிந்ததைக் கண்டார்கள். சந்தாவோ கட்டணமோ கிடையாது. 'குடியை விடவேண்டும்' என்ற விருப்பம் ஒன்றே போதும்.

அப்படியிருக்க இவருக்கு ஏன் பிடிக்கவில்லை? மெதுவாகக் கேட்டேன். அங்கே பெரும்பாலும் இங்கிலீஷில் பேசினார்களாம். போதாக்குறைக்கு ஆபீஸில் தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தாராம்.

"அவரும் அதுக்குத்தானேங்க வந்திருப்பார்? உங்களைப் பத்தி வெளியே போய்ச் சொன்னா, அவர் குட்டும்தானே வெளிப்படும்?" என்றேன். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்து ஒரு ஞாயிறு காலைக் கூட்டம். தமிழில்தான் நடந்தது. ஆனால் இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டு வாரம் போனார். மூன்றாம் வாரம் மழையைச் சாக்குச் சொன்னார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இவருக்குக் கால் கடைப்பக்கம் இழுப்பது மாலை ஏழு மணிக்கு. அந்த நேரத்துக்கல்லவா கூட்டம் வேண்டும்!

விசாரித்ததில் பக்கத்திலேயே, ஒரு சர்ச்சை ஒட்டிய அறையில், செவ்வாய் மாலை ஏழு மணிக்குக் கூட்டம் இருப்பது தெரிந்தது. 'சர்ச்சா?' என்று நான் தயங்கினேன். "குடியை விட்டாப் போதும்மா. சாமி எந்த வாசல்ல நின்னா என்ன?" என்றார் என் மாமியார். பிறகுதான் தெரிந்தது, ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. அறையை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. மூடிய கூட்டத்துக்குக் குடியை விட விரும்புபவர் மட்டுமே போகலாம். திறந்த கூட்டத்தில் குடும்பத்தாரும் உட்காரலாம். அன்று திறந்த கூட்டம் என்பதால் நானும் போனேன். ஒரு மெக்கானிக் எழுந்து, மகள் காது குத்துக்கு வைத்திருந்த பணத்தைத் தான் குடித்துத் தீர்த்ததைச் சொன்னார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும், "என் கதையை யாரோ அவருக்குச் சொல்லிட்டாப்பல இருந்தது" என்றார். அடுத்த செவ்வாய் நான் சொல்லாமலே கிளம்பினார்.

எனக்கும் ஒரு வைத்தியம் தேவைப்பட்டது, சகோதரிகளே! 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்' என்ற விளம்பரத்தை நம்பி ஒரு பொடி வாங்கியவள் நான். டாக்டர் கடுமையாகக் கோபித்துக்கொண்டார். அதில் டைசல்பிராம் போன்ற மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாம். நெடுநாள் குடித்தவரை வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்துவதும் தவறு. வலிப்பு வரலாம், டாக்டர் மேற்பார்வை அவசியம்.

குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே 1951-ல் தோன்றியது 'அல்-அனான்'. ஆறு கூட்டமாவது வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்கிறார்கள் அங்கே. அவர் குடிக்கு நான் காரணமல்ல, அதை அடக்க என்னால் ஆகாது, குணப்படுத்தவும் ஆகாது என்று அங்கேதான் கற்றேன். சட்டைப்பையைத் துழாவுவதையும், ஆபீஸுக்குப் போன் செய்து 'காய்ச்சல்' என்று பொய் சொல்வதையும் விட்டேன்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் நாலாம் மாதம், தீபாவளியன்று, இவர் மறுபடி குடித்துவிட்டார். முன்பானால் ஊரே கேட்க அழுதிருப்பேன். அன்று குழந்தைகளுக்குச் சாதம் போட்டுப் படுக்க வைத்துவிட்டு, நானும் படுத்துவிட்டேன். அடுத்த செவ்வாய் கூனிக்குறுகிக் கூட்டத்துக்குப் போனார். யாரும் ஏசவில்லை. "திரும்பி வந்தீங்களே, அது போதும்" என்று டீயைக் கையில் கொடுத்தார்களாம். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பமாயிற்று.

உங்கள் வீட்டிலும் இந்தக் கஷ்டம் இருந்தால், ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்பதற்காகக் கதவை மூடிவிடாதீர்கள். மொழி, தூரம், நேரம், அங்கே வருகிறவர்கள் எல்லாவற்றையும் பார்த்து வேறொன்று தேடுங்கள். அவர் வர மறுத்தால், நீங்களாவது உங்கள் கூட்டத்துக்குப் போங்கள். அடி உதை என்று வந்துவிட்டால் கூட்டத்தை நம்பி இராமல், குழந்தைகளோடு பத்திரமான இடத்துக்குப் போவதே முதல் வேலை.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு இரண்டு தீபாவளி வந்து போய்விட்டது. செவ்வாய் அவர் கூட்டம், சனி என் கூட்டம். அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் ஆறு மணிக்கே குக்கர் விசில் கேட்கும்.