நகத்தின் ஓரத்தைத் தோண்டாதீர்கள்!

மாணவர்களே, கால் கட்டைவிரல் நகத்தின் ஓரம் சிவந்து வீங்கி, காலணி பட்டாலே வலிக்கிறதா? நகம் சதைக்குள் வளர்ந்திருக்கலாம். நகத்தை ஒட்ட, வளைவாக வெட்டும்போது மூலையில் முள்போல் ஒரு துண்டு தங்கிவிடும். கால் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் வளரும்; அப்போது அந்த முள் சதையைக் குத்தும். ஓரத்தை மறுபடி தோண்டினால் இன்னொரு முள்தான் மிஞ்சும்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் மெர்சிங்கில், நனைந்த காலணி சதையை ஊறவைக்கும்; இறுக்கமான காலணி அதை நகத்தோடு அழுத்தும்.

தினமும் 3 முறை, வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் காலை வைத்து, ஈரம் போகத் துடையுங்கள். சீழ் பிடித்தாலோ, நீரிழிவு இருந்தாலோ உடனே கிளினிக்குக்குச் செல்லுங்கள். தேவையானால் மருத்துவர் விரலை மரத்துப்போகச் செய்து நகத்தின் ஓரத்தை மட்டும் அகற்றுவார்.

இனி நகத்தை நேராக வெட்டுங்கள். மழைக்காலத்தில் பள்ளிப் பையில் மாற்றுக் காலுறை இருக்கட்டும்.