காசுகா மலைக் காடும் மான்களும்

ஜப்பான் நாட்டின் பழைய தலைநகரங்களுள் ஒன்றாகிய நாராவின் கிழக்கு எல்லையில் காசுகா மலை நிற்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 500 மீட்டர். நீலகிரியைக் கண்டவர்கள் அதனைக் குன்று என்றே கூறுவர். ஆயினும் அதன்மேல் சுமார் 250 ஹெக்டேர், அதாவது 600 ஏக்கருக்குச் சற்று அதிகமான பரப்பில், பெரும்பாலும் தானே முளைத்து வளர்ந்த ஆதிகாலக் காடு இன்றும் இருக்கிறது.

மலையடியில் காசுகா ஆலயம் உள்ளது. மலை முழுவதும் அவ்வாலயத்திற்குரிய புனித இடமாகக் கருதப்பட்டமையால், 841-ஆம் ஆண்டில், நிம்மியோ சக்கரவர்த்தியின் காலத்தில், அங்கே வேட்டையாடுவதும் மரம் வெட்டுவதும் தடை செய்யப்பட்டன. பக்தியே வேலியாக நின்றது. 1955-இல் ஜப்பானிய அரசினர் இக்காட்டைச் சிறப்பு இயற்கைச் சின்னமாக அறிவித்தனர். 1998-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பெற்றது. நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட மர வகைகள் இங்குள்ளன. சாஹோ ஆறு தோன்றுவதும் இம்மலையிலேதான்.

ஆனால் காட்டின் உள்ளே சென்று பார்ப்போர், நிமிர்ந்து மட்டும் பாராமல் குனிந்தும் பார்த்தல் வேண்டும். மேலே ஷீ, காஷி முதலிய பெருமரங்கள் கவிந்து நிற்கின்றன. கீழே அவற்றின் கன்றுகள் மிக அரிது. காரணம், மான்.

ஆலயத்துத் தெய்வம் வெள்ளை மான்மீது ஏறி இங்கு வந்ததாக ஐதிகம். ஆகவே மானும் புனிதமாயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் எழுபத்தொன்பது மான்களே எஞ்சியிருந்தன. பின்னர்ப் பாதுகாப்பால் பெருகின. 1957-இல் அவையும் இயற்கைச் சின்னமாயின. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்டவை உலவுகின்றன. உதிர்ந்த கொட்டைகளையும் முளைத்த கன்றுகளையும் அவை தின்றுவிடுகின்றன. வேலியின்றி நட்ட கன்றுக்கு ஆட்டால் நேரும் கதியை நம் விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

மான் தொடாத மரங்கள் இரண்டு உண்டு. ஒன்று, ஆலயத்தை ஒட்டி வளரும் 'நாகி'. அது நிழலிலும் முளைத்து மெல்ல மலையேறுகிறது. மற்றது சீனாவிலிருந்து கொண்டுவந்து நகரில் நடப்பட்ட 'நான்கின்ஹாசே'. மெழுகு பூத்த அதன் விதைகளைப் பறவைகள் காட்டிற்குள் கொண்டு சேர்க்கின்றன. புயலில் பெருமரம் சாய்ந்து வெயில் விழும் இடத்தை அது பற்றிக்கொள்கிறது. இது போதாதென்று, அண்மைக் காலத்தில் ஒரு சிறு வண்டு பரப்பும் பூஞ்சை நோயாலும் முதிய காஷி மரங்கள் பட்டுப்போகின்றன. தாய் மரம் விழுகிறது. அதன் இடத்தை நிரப்பக் கன்று இல்லை. கோடரியைத் தடுத்த கட்டளையால் இதனைத் தடுக்க இயலவில்லை.

ஆகவே இப்போது காட்டின் சில பகுதிகளைச் சுற்றி மான் புகாத வேலி இட்டுள்ளனர். அந்நிய மரங்களையும் களைகின்றனர். ஆதிகாலக் காட்டில் வெட்டுவதா என்று தயங்குவோருக்கு நம் விடை, வயலில் களை எடுப்பதையும் வெட்டுதல் என்று எவரும் சொல்வதில்லை என்பதே.

மான்களால் பயிரிழந்த உழவர்களும் 1979-இல் நீதிமன்றம் சென்றனர். 1985-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி வட்டாரம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. வெளிவட்டத்தில் மான்களைப் பிடித்துக் குறைக்கலாம். அப்பணி 2017-இல் தொடங்கிற்று. மலைக் காடோ மானுக்கும் பாதுகாப்பான எல்லைக்குள்ளேயே அடங்குகிறது. ஆதலால் அங்கே கன்றுகளுக்கு இப்போதுள்ள முதன்மையான காவல் வேலியே.