அடுப்பு யாருடையது? பள்ளிக்கூடக் கடன் எப்படி இயங்குகிறது?

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். சாயங்காலம் பாலைக் காய்ச்சி ஆறவைத்துவிட்டு, சுண்டுவிரலை விட்டு அம்மா சூடு பார்ப்பார். உறைக்குத் தயிர் இல்லாத நாளில் கிண்ணத்தை நம் கையில் கொடுத்து அனுப்புவார். "அத்தை, உறைக்குக் கொஞ்சம் தயிர் வாங்கிட்டு வரச் சொன்னாங்க." மறுநாள் காலையில் நம் சட்டியிலிருந்து ஒரு கரண்டித் தயிர் அதே கிண்ணத்தில் அத்தை வீட்டுக்குத் திரும்பிப் போகும். இன்னொரு நாள் அத்தை வீட்டில் உறை தீர்ந்துபோகும். அப்போது கிண்ணம் இந்தப் பக்கம் வரும்.

ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குக் கட்டடம் எழுப்பச் சமூகக் கடன் நிறுவனங்கள் பணம் தருவதும் இந்தக் கிண்ணம் போய்வருவதைப் போன்றதுதான். அமெரிக்காவில் இந்த முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. மலாக்காவிலுள்ள 21 தமிழ்ப்பள்ளிகளுக்கு இது எந்த அளவு பொருந்தும்? ஒரு தயிர்ச்சோறு தயாராகும் வரிசையிலேயே பார்ப்போம்.

1. அடுப்பு: நிலம்

அடுப்பு இல்லாமல் சமையல் இல்லை. மலாக்கா நகரில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலின் கதைகூட நிலத்தில்தான் தொடங்குகிறது. டச்சுக்காரர்கள் மலாக்காச் செட்டிகளுக்கு மனை கொடுத்தார்கள், அதன் பிறகே கோயில் வந்தது.

தோட்டப்பள்ளிகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1896 வாக்கில் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்டது அதுவே முதன்முறை. பிறகு புக்கிட் ஆசஹானில் பெரிய தோட்டமே உருவானது. இன்று அந்த இரண்டு பெயர்களிலும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பால் மரம் வந்தது, பால் வெட்ட நம் ஆட்கள் வந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகளுக்காகப் பள்ளி வந்தது. ஆனால் தோட்டப்பள்ளி நின்ற நிலம் முதலாளியுடையது. தோட்டம் கைமாறினால் அடுப்பும் கைமாறிவிடும்.

சுதந்திரம் கிடைத்த 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520க்குச் சற்று மேல் இருக்கின்றன. தோட்டத் துண்டாடல், ஆட்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தது, பள்ளிகளை ஒன்றாக இணைத்தது என்று காரணங்கள் பல. அவற்றில் பலவும் கடைசியில் நிலத்தில் வந்து முடிகின்றன.

2. அரிசி: சம்பளமும் பாடநூலும்

இப்போது அரிசிக்கு வருவோம். பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் சம்பளம், பாடநூல், அன்றாட நடப்புச் செலவு ஆகியவற்றை அரசு கவனித்துக்கொள்கிறது. நிலமும் கட்டடமும் அரசின் பெயரில் இல்லை என்பதால் அந்தப் பொறுப்பு பள்ளி மேலாளர் வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஊரார் ஆகியோரின் தலையில் விழுகிறது. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேல் இந்த வகைதான். அரிசியும் சமையல்காரரும் வந்துவிட்டார்கள், அடுப்பையும் பானையையும் நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்பது போன்ற ஏற்பாடு இது.

அமெரிக்காவின் சார்ட்டர் பள்ளிகளுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். 1991இல் மினசோட்டா மாநிலம் அதற்கான முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தப் பள்ளிகள் கட்டணம் வாங்குவதில்லை, தனி வாரியத்தின் கீழ் நடக்கின்றன, பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசுப் பணம் பெறுகின்றன. பல மாநிலங்களில் கட்டடத்துக்கென்று தனியாகக் கிடைப்பது மிகக் குறைவு. வங்கிக்குப் போனால், நேற்றுத் தொடங்கிய பள்ளி, ஏழைகள் வாழும் வட்டாரம், ஈடு வைக்க ஒன்றுமில்லை என்று கைவிரித்துவிடுகிறார்கள்.

3. பானை: கடன் வரும் இடம்

வங்கி பின்வாங்கும் இந்த இடத்தில்தான் சமூகக் கடன் நிறுவனம் உள்ளே வருகிறது. இதன் முதல் நோக்கம் லாபம் அல்ல. அறநிதிகள், தேவாலயங்கள், வங்கிகள், அரசு என்று பல இடங்களிலிருந்து குறைந்த வட்டிக்குப் பணம் திரட்டி, வங்கி தயங்கும் இடத்தில் கடன் தருகிறது. இத்தகைய நிறுவனங்களுக்குக் கைகொடுக்க 1994இல் அமெரிக்க அரசு தனி நிதியமே அமைத்தது.

வட கரோலினாவின் டர்ஹம் நகரில் செல்ஃப்-ஹெல்ப் என்று ஒரு கடன் சங்கம் இருக்கிறது. கேக் செய்து விற்றதில் கிடைத்த 77 டாலர்தான் 1980களில் அதற்கு முதல். இன்று அது சார்ட்டர் பள்ளிகளுக்கும் கடன் கொடுக்கிறது. சமையலறையில் பிறந்த பணம் பள்ளிக்கூடச் சுவராக மாறியிருக்கிறது.

4. அடிப்பிடிக்கும் சோறு: முதல் நட்டத்தைத் தாங்குபவர்

விறகடுப்பில் பெரிய பானை வைத்துச் சமைத்தவர்களுக்கு இது தெரியும். தீ கொஞ்சம் கூடினால் அடிச்சோறு கருகும். பதறிப்போய்க் கரண்டியை விட்டுக் கிளறினால் பானை முழுக்கத் தீய்ந்த வாடை ஏறிவிடும். பழகிய கை கிளறாது. மேல்சோற்றை மெதுவாக வேறு பாத்திரத்துக்கு மாற்றும். அடியில் ஒரு விரற்கடை கருகினாலும் மேலே இருப்பது ஊருக்குச் சோறாக மிஞ்சும்.

பள்ளிக்கூடக் கடனிலும் யாராவது அந்த அடிச்சோறாக இருக்கச் சம்மதிக்க வேண்டும். பத்து லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். "திரும்பாமல் போனால் முதல் ஒரு லட்சம் என்னுடைய நட்டம்" என்று ஓர் அறநிதியோ அரசோ எழுதிக் கொடுத்தால், மீதி ஒன்பது லட்சத்தைப் போட வங்கிக்குத் துணிவு வருகிறது. அமெரிக்கக் கல்வித்துறை இப்படிப்பட்ட காப்புத்தொகைக்கென்றே மானியம் கொடுக்கிறது. அந்த மானியத்தில் செங்கல் வாங்குவதில்லை. அது அடியில் இருந்தபடி மேலே வரும் பெரிய பணத்தைக் காக்கிறது.

5. உறை: திரும்பி வரும் பணம்

இனி அந்தக் கிண்ணத்துக்கு வருவோம். மூன்று லட்சம் ரிங்கிட் கையில் இருக்கிறது. நன்கொடையாகக் கொடுத்தால் பள்ளிக்கு ஒரு லட்சம் வீதம் மூன்று பள்ளிகளுக்குக் கூரை போடலாம், அத்தோடு பணம் தீர்ந்தது. அதையே வட்டியில்லாமல், ஆண்டுக்கு 20,000 வீதம் ஐந்தாண்டில் திரும்பும் கடனாகக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் 1,20,000 திரும்பியிருக்கும், நான்காவது பள்ளிக்குக் கொடுக்கலாம். மூன்றாம் ஆண்டில் ஐந்தாவது, நான்காம் ஆண்டில் ஆறாவது, ஐந்தாம் ஆண்டில் ஏழாவது. அதே மூன்று லட்சம் ஏழு பள்ளிகளைத் தொட்டுவிட்டது, இன்னும் தீரவில்லை. எடுத்த உறையைத் திருப்பிக் கொடுப்பதால் வரும் பலன் இது.

6. நம் அடுப்பில் இது வேகுமா?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சார்ட்டர் பள்ளி தன் கையில் வரும் அரசுப் பணத்திலிருந்தே தவணை கட்டுகிறது. தமிழ்ப்பள்ளிக்கு அந்த வழி இல்லை. பிள்ளைகளிடம் கட்டணம் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. தவணைக்கு வழி தெரியாமல் ஒரு தலைமையாசிரியரின் தோளில் கடனை ஏற்றுவது அநியாயம்.

ஆனாலும் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, கைமாத்து. அரசு அவ்வப்போது தமிழ்ப்பள்ளிகளுக்குப் பெருந்தொகை ஒதுக்கியிருக்கிறது. 2012 வரவு செலவுத் திட்டத்தில் மட்டும் 10 கோடி ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கும் பணம் கைக்கு வருவதற்கும் இடையில் குத்தகையாளர் வேலையை நிறுத்தினால், அந்த இடைவெளிக்குக் கைமாத்தாகக் கடன் கொடுக்கலாம். மானியம் வந்ததும் அது திரும்பிவிடும். இன்னொன்று, முன்னாள் மாணவர்கள். மலாக்காவின் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் படித்துவிட்டு இன்று சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்ப்பவர்கள் மாதம் ஒரு தொகை தருவதாக எழுதிக் கொடுத்தால், அந்த உறுதிமொழியே தவணைக்கு ஆதாரம்.

யார் கொடுப்பது? உரிமம் இல்லாமல் வட்டிக்கு விட 1951ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டம் இடம் தராது. 1993ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து, உறுப்பினர் பங்குப்பணத்தில் நடத்துவதே நேர்வழி.

அந்த வழி நமக்குப் புதிதும் அல்ல. வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்ட காலம் அது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அப்படிப் பிறந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிக் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பால்வெட்டுக்காரர்கள் தோட்டத்தையே வாங்கினார்கள் என்றால், படித்துப் பட்டம் பெற்ற அவர்களுடைய பேரப்பிள்ளைகளால் ஒரு வகுப்பறைக்கு முதல் திரட்ட முடியாதா?

முடியும். நன்கொடை தப்பில்லை, நம் பள்ளிகளை இத்தனை காலம் காப்பாற்றியதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் நன்கொடை ஒருமுறை வயிறு நிறைக்கும். உறை நாளைக்கும் இருக்கும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் பள்ளியின் நிலப்பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது?" அதற்குப் பதில் கிடைத்த பிறகு கட்டடம், கடன், கூட்டுறவு எல்லாவற்றையும் பேசலாம். அடுப்பு நம்முடையதாக இருந்தால்தான் பானையை நம்பி ஏற்ற முடியும்.