ஞாயிறன்று எல்லோருக்கும் திறந்த மைதானம்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், கடலை ஒட்டிய மணற்பாங்கான புல்வெளி இது. இங்கே கோல்ஃப் ஆட ஊர்மக்களுக்கு உள்ள உரிமையைப் பேராயர் ஹாமில்டனின் 1552 சாசனம் உறுதிசெய்தது. இந்த 'பழைய மைதானம்' இன்றும் பொதுச்சொத்துதான்!

ஒரு சுற்றுக்கு 22 குழிகள் என்றிருந்ததை 1764-இல் 18 ஆகக் குறைத்தார்கள். பிற்பாடு உலகமே அதைப் பின்பற்றியது. ஏழு பெரிய குழித்தரைகளில் இரண்டிரண்டு குழிகள். ஒவ்வொரு ஜோடியின் எண்களையும் கூட்டினால், எப்போதும் 18 வரும்.

ஆட வருபவர்கள் ஹேண்டிகேப் (ஆட்டத் திறன் அளவு) சான்று கொண்டுவர வேண்டும். முன்பதிவு கிடைக்காவிட்டால், இரண்டு நாள் முன்னதாக நடக்கும் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கலாம்.

சுற்றிப் பார்க்க மட்டும் வருபவர்களுக்கு ஞாயிறே உகந்த நாள். பெரிய போட்டிகள் இல்லாத ஞாயிறுகளில் ஆட்டத்துக்கு விடுமுறை. மைதானம் ஊருக்குப் பூங்காவாகிவிடும். குழித்தரைகளை மட்டும் மிதிக்கக் கூடாது. 18-ஆம் குழிப் பாதையில் ஸ்வில்கன் ஓடையின் மேல் நிற்கும் சிறிய கற்பாலம், ஆடுமாடுகளை ஓட்டிச் செல்லக் கட்டப்பட்டது. 17-ஆம் குழியருகே உள்ள மணற்பள்ளத்தை அவசியம் நின்று பார்க்க வேண்டும்: வெட்டிய புல்கட்டிகளைச் செங்கல்போல் அடுக்கி எழுப்பிய செங்குத்துச் சுவர். அதற்கு அப்பால் தார்ச்சாலை. பந்து அங்கே விழுந்தால், சாலையில் நின்றே அடிக்க வேண்டும்.