ஒரு கண்ணுக்கு மட்டும் மை!

"என்ன ஸார், ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டுட்டு வந்திருக்கீங்க?"

ஆபீஸ் கேன்டீனில் இந்தக் கேள்வி வந்ததும் நம் நண்பருக்குக் குடித்த டீ புரையேறிவிட்டது. மீசை வைத்த, நாற்பது வயது ஆசாமி. ஆறு மாசமாக இடது கண்ணில் மட்டும் சொட்டு மருந்து. இடது இமை ரோமம் மட்டும் சினிமா கதாநாயகி மாதிரி நீண்டு, கறுத்து, வளைந்து...

கிளாக்கோமாவுக்குக் கொடுக்கும் ப்ராஸ்டாக்ளாண்டின் சொட்டு மருந்தின் பக்க விளைவு அது. (இந்த வகை மருந்து ஒன்றுக்கே, இமை ரோமம் வளர்க்க என்று அமெரிக்காவில் 2008-ல் தனியாக அனுமதி வாங்கிவிட்டார்கள். வியாபாரம்னா அப்படி!)

கண்ணுக்குள் ஒரு திரவம் ஊறி, வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகால் அடைத்தால் அழுத்தம் ஏறும். 10-லிருந்து 21 வரை சாதாரணம். ஏறினால் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும். பெரும்பாலும் வலியே இருக்காது. ஓரப் பார்வை முதலில் போகும். போனது போனதுதான், எந்த மருந்துக்கும் திரும்பாது.

பழைய சொட்டு மருந்துகளில் பல, திரவம் ஊறுவதைக் குறைத்தன. இது கண்ணின் தசை இழைகளுக்கு நடுவே ஒரு கொல்லைப்புற வழியைத் தாராளமாகத் திறந்துவிடுகிறது. அழுத்தம் கால் பங்குக்கு மேல்கூட இறங்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் கதை சுவாரஸ்யம். லாஸ்லோ பிட்டோ, ஹங்கேரிக்காரர். கம்யூனிஸ்ட் ஆட்சியில் நிலக்கரிச் சுரங்கத்தில் கட்டாய வேலை பார்த்தவர். 1956 புரட்சி நசுக்கப்பட்டதும் அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கண் ஆராய்ச்சியில் இறங்கினார். ப்ராஸ்டாக்ளாண்டினைக் கண்ணில் விட்டால் அழுத்தம் ஏறும் என்பதுதான் அன்றைய பாடம். பொருளில் தப்பில்லை, அளவில்தான் தப்பு என்றார் பிட்டோ. துளியூண்டு விட்டுப் பார்த்தால், அழுத்தம் இறங்கியது! கேம்ராஸ் என்ற மாணவரோடு சேர்ந்து 1977-ல் முயல் கண்ணில் செய்த சோதனையை வெளியிட்டார். ஆரம்ப மருந்துகள் கண்ணைச் சிவக்க வைத்தன. ஸ்வீடனின் ஃபார்மசியா கம்பெனி மூலக்கூறை மாற்றி உருவாக்கிய லாட்டனோப்ரோஸ்ட், 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனிதர் பிறகு நாவல் எழுதப் போய்விட்டார்! 2021-ல் காலமானார்.

நம் நண்பருக்கு வருவோம். கேன்டீன் கிண்டலுக்கு வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிட்டார். நாலு மாசம் ஒன்றுமே ஆகவில்லை. பேப்பர் படித்தார், பைக் ஓட்டினார். மருந்து போட்டபோதும் இப்படித்தானே இருந்தது!

அடுத்த செக்கப்பில், ஒளிப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தும் சோதனை. பிரின்ட்டில் மூக்குப் பக்கம் ஒரு கறுப்புத் திட்டு. போன தடவை அது இல்லை.

"ஸார், இனிமே ரெண்டு வேளையா போட்டுக்கறேன்."

"வேண்டவே வேண்டாம். அடிக்கடி போட்டா பலன் குறையும். ராத்திரி ஒரு சொட்டு, தினம். கீழ் இமையை இழுத்து விடுங்க, கண்ணை மூடிக்கிட்டு மூக்கோரம் ரெண்டு நிமிஷம் அழுத்துங்க. கன்னத்துல வழியறது கணக்குல வராது" என்றார் டாக்டர். இமைத் தோலில் ஒட்டியதைத் துடைத்துவிடவும் சொன்னார், இல்லாவிட்டால் அங்கும் கறுக்குமாம்.

இப்போது கேன்டீனில் யாராவது கேட்டால் நண்பர் அசருவதில்லை.

"ஆமா ஸார், மைதான். தினம் ராத்திரி ஒம்பது மணிக்கு. என் பொண்ணுதான் போட்டு விடறா!"