மகாவலியின் வெளிச்சம் யாருக்கு?

கண்டியைச் சுற்றி மகாவலி நீரில் மின்சாரம் பிறக்கிறது. விக்டோரியா நீர்மின் நிலையத்தின் திறன் மட்டும் 210 மெகாவாட். ஆனால் ஒரே மலையில் வாழும் வீடுகள் ஒரே அளவில் எரிசக்தியைச் செலவிடுவதில்லை. நகரத்து மாடி வீட்டில் வெந்நீர்க் கருவி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயன் அறையில் சில மின்குமிழ்கள், ஒரு தொலைக்காட்சி, ஒரு விறகடுப்பு. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் உண்மை மறைந்துவிடும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் தேவை ஏறுகிறது. நீர் வற்றிய காலத்தில் அதை ஈடுகட்ட எண்ணெய் எரிக்கும் நிலையங்கள் கூடுதலாக ஓடுகின்றன. அந்தப் புகையில் மாடி வீட்டின் பங்குதான் பெரிது.

காட்டை அழிப்பது விறகு பொறுக்கும் ஏழைதானே என்பார்கள் சிலர். ஆனால் தோட்டத்து அடுப்பில் எரிவதில் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளும் உண்டு. அதன் புகை முதலில் கெடுப்பது சமைக்கும் பெண்ணின் நுரையீரலை. ஏழைகளும் கூடுதலாக மின்சாரம் பாவித்தால் மாசு பெருகாதா என்பது அடுத்த கேள்வி. சில அலகுகள் கூடுவதால் வரும் சுமை சிறிது. கிடைக்கும் நலம் பெரிது. ஆனால் 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தபோது, விகிதப்படி அதிக அடி வாங்கியவர்கள் குறைவாகப் பாவிப்போரே. சிக்கனப் பாடத்தை மாடி வீட்டிலிருந்து தொடங்குவதே நியாயம்: வெந்நீருக்குச் சூரிய வெப்பம் போதும்.